வேண்டாம் ரெண்டு வகை: மஸ்ட், ஹேவ் டு, ஷுட் பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பொண்ணு போன் பண்ணினாள். திருச்சியில் நர்ஸாக இருக்கிறாள். இங்கிலாந்து போகும் யோசனையில் ஓஇடி தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் தேர்வு அது. அதில் பேச்சுத் தேர்வு என்று ஒரு பகுதி உண்டு. நர்ஸ் நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசிக் காட்டணும்.

"மாமா, ஒரு டவுட். நான் சொன்னது ஏன் தப்புன்னு எனக்குப் புரியவே இல்ல."

பயிற்சி வகுப்பில் அவளுக்குக் கொடுத்த சூழ்நிலை இது. எலும்பு பலவீனத்துக்காக அலெண்ட்ரோனேட் மாத்திரை எடுக்கப்போகும் ஒரு வயதான அம்மாவுக்கு, அதை எப்படிச் சாப்பிடணும் என்று விளக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கணும். அதன்பிறகு குறைந்தது 30 நிமிஷம் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கி அங்கே புண்ணாக்கிவிடலாம். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் வார்டில் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிற விஷயம்தான்.

அவள் ஆங்கிலத்தில் சொன்னது: "யூ டோன்ட் ஹேவ் டு லை டவுன் ஃபார் தர்ட்டி மினிட்ஸ்."

பயிற்சியாளர் அங்கேயே நிறுத்திவிட்டாராம். "இந்த நோயாளி இப்ப போய்ப் படுத்துக்கலாம்னு நீங்க சொல்லிட்டீங்க" என்றாராம்.

"அரை மணி நேரம் படுக்க வேண்டாம்னுதானே மாமா சொன்னேன்? டோன்ட் ஹேவ் டுன்னா வேண்டாம்தானே?"

ஆமாம், வேண்டாம்தான். பிரச்சினையும் அந்த 'வேண்டாம்'தான். தமிழில் நாம் பேசும் வேண்டாமுக்குள் ரெண்டு வேண்டாம் ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அவை ரெண்டும் தனித்தனி ஆட்கள். அவளுக்குப் போனில் சொன்னதையும், அதற்குப் பிறகு ரெண்டு மூணு வாரம் இதைப் பற்றிப் படித்ததையும் இங்கே குறித்து வைக்கிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கோட் எழுதுகிறவன். அதனால் சில இடங்களில் கோடர் புத்தி எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளவும்.

அடைப்புக்குறி எங்கே?

"நீ நாளைக்கு வர வேண்டாம்." இந்த ஒரு வாக்கியத்தை ரெண்டு பேர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள் நம்ம நண்பர். "நாளைக்கு வேலை ஒண்ணும் பெருசா இல்லப்பா, நீ வர வேண்டாம்." வந்தாலும் குற்றமில்லை. கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

ரெண்டாவது ஆள் கோபத்தில் இருக்கும் பெரியப்பா. "அந்தப் பக்கமே நீ நாளைக்கு வர வேண்டாம்." வந்தால் சண்டைதான்.

சொல் ஒன்று. பொருள் ரெண்டு. எது என்பதைக் குரலும் முகமும் சூழ்நிலையும் முடிவு செய்கின்றன. இதைக் கோட் மாதிரி எழுதினால் இப்படி வரும்:

நண்பர் சொன்னது: இல்லை ( கட்டாயம் ( வருதல் ) )
பெரியப்பா சொன்னது: கட்டாயம் ( இல்லை ( வருதல் ) )

முதலாவதில் 'இல்லை' வெளியே நின்று கட்டாயத்தையே நீக்குகிறது. ரெண்டாவதில் 'இல்லை' உள்ளே போய், வராமல் இருப்பதையே கட்டாயமாக்குகிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகின விஷயம். அடைப்புக்குறி ஒரு இடம் தள்ளிப் போனால் விடையே தலைகீழ்.

ஆங்கிலத்தில் 'டோன்ட் ஹேவ் டு' முதல் வகை. 'மஸ்ன்ட்' ரெண்டாம் வகை. அக்கா பொண்ணு சொல்லியிருக்க வேண்டியது "யூ மஸ்ன்ட் லை டவுன்". ஒரு நோயாளியிடம் இன்னும் இதமாகச் சொல்லணும் என்றால் "யூ நீட் டு ஸ்டே அப்ரைட்" என்று நேர்மறையாகவே சொல்லிவிடலாம். அதில் இல்லையும் இல்லை, குழப்பமும் இல்லை.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. படுக்க வேண்டியதில்லை, படுக்கத் தேவையில்லை, படுக்கணும்னு அவசியமில்லை, இதெல்லாம் முதல் வகை. படுக்கக் கூடாது என்பது ரெண்டாம் வகை. நடுவில் உட்கார்ந்துகொண்டு ரெண்டு பக்கமும் கை நீட்டுவது வேண்டாம் மட்டும்தான். ஆகவே ஒரு சுலபமான வழி: ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்னால், மனதில் இருக்கும் 'வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டு 'கூடாது' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் மஸ்ன்ட். பொருந்தாமல் 'தேவையில்லை' பொருந்தினால் டோன்ட் ஹேவ் டு.

இன்னொரு விஷயமும் கவனித்தேன். 'கூடாது' என்பது 'கட்டாயம்' என்ற பக்கத்திலிருந்து வரவில்லை, 'செய்யலாம்' என்ற அனுமதிப் பக்கத்திலிருந்து வருகிறது. செய்யலாம் என்பதன் எதிர்மறை செய்யக் கூடாது. அனுமதி இல்லை என்பதும், செய்யாமலிருப்பது கட்டாயம் என்பதும் தர்க்கப்படி ஒன்றேதான். கட்டாயம், அனுமதி, தடை மூன்றுக்கும் உள்ள இந்த உறவை வைத்து ஒரு தர்க்கப் பிரிவே இருக்கிறது. ஃபின்லாந்து தத்துவ அறிஞர் கியோர்க் ஹென்ரிக் வான் ரைட் 1951-ல் 'மைண்ட்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து அதன் நவீன வரலாற்றைத் தொடங்குவார்கள்.

நாம் மட்டும்தான் தடுக்கி விழுகிறோம் என்று நினைக்கவும் வேண்டாம் (இது தேவையில்லை வகை). ஜெர்மன் பேசுகிறவர்களும் இங்கே தவறுவார்கள். அவர்கள் மொழியில் 'முஸ்' என்பது ஆங்கில மஸ்டின் நெருங்கிய சொந்தம். ஆனால் அதோடு 'நிஷ்ட்' சேர்த்தால் தேவையில்லை என்று ஆகிவிடும். அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, 'நீங்க காத்திருக்கத் தேவையில்லை' என்று சொல்ல நினைத்து 'காத்திருக்கக் கூடாது' என்று சொல்லிவிடுவார்கள். அக்கா பொண்ணு செய்ததற்கு நேர் எதிர்த் தவறு.

நேர்மறைக்கு வருவோம்: யார் சொல்லிக் கட்டாயம்?

எதிர்மறையில் ஒரு கேள்விதான்: இல்லை எங்கே நிற்கிறது? நேர்மறையில் ரெண்டு கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். கட்டாயம் எங்கிருந்து வருகிறது? செய்யாவிட்டால் என்ன ஆகும்?

மஸ்ட்: கட்டாயம் பெரும்பாலும் சொல்பவரிடமிருந்தோ, எழுதிவைத்த விதியிலிருந்தோ வருகிறது. அதனால் ஒரு ஆளைப் பார்த்து நேராக "யூ மஸ்ட்" என்றால் அதிகார வாசனை அடிக்கும். நம் ஊரில் 'வேணும்' என்றாலே மஸ்ட் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். "நீங்க இன்னிக்குள்ள அந்த ஃபைலை அனுப்பணும்" என்பது தமிழில் சாதாரண வேண்டுகோள். அதையே "யூ மஸ்ட் செண்ட் தி ஃபைல் டுடே" என்று மெயிலில் எழுதினால், எதிர்ப்பக்கம் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "குட் யூ செண்ட்" என்று கேள்வியாகவோ, "வி நீட் தி ஃபைல் டுடே" என்றோ எழுதுவது நல்லது.

இதற்கு ஒரு அழகான விலக்கு உண்டு. "யூ மஸ்ட் ட்ரை திஸ் கேக்", "யூ மஸ்ட் கம் ஹோம் ஃபார் டின்னர்". இதில் அதிகாரம் இல்லை, பிரியம்தான் இருக்கிறது. செய்வதால் லாபம் கேட்பவருக்கு என்றால், வற்புறுத்தலே உபசாரமாகிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "குடும்பத்தோட கட்டாயம் வந்துடணும்" என்று நாம் சொல்வதும் இதே கணக்குத்தான். அங்கே போய் "முடிஞ்சா வாங்க" என்று சொன்னால்தான் கோபம் வரும்.

ஹேவ் டு: கட்டாயம் வெளியிலிருந்து வருகிறது. சூழ்நிலை, சட்டம், உடம்பு, வேலை நேரம். "ஐ ஹேவ் டு வேர் கிளாஸஸ்." கண் அப்படி, நான் என்ன செய்ய? தமிழில் 'வேண்டியிருக்கு' இதற்குக் கிட்டத்தட்டச் சரியான ஜோடி. கண்ணாடி போட வேண்டியிருக்கு. இறந்தகாலத்தில் 'ஹேட் டு' என்றால் வேண்டி வந்தது, வேண்டியதாப் போச்சு. மஸ்ட் என்ற சொல்லுக்கு இந்தப் பொருளில் இறந்தகாலம் கிடையாது என்பதால் நேற்றைய கட்டாயம் எல்லாம் ஹேட் டு கணக்கில்தான் வரும். "ஹி மஸ்ட் ஹேவ் கான்" என்றால் 'அவர் போக வேண்டியிருந்தது' இல்லை, 'அவர் போயிருக்கணும்னு நினைக்கிறேன்' என்ற ஊகம். பேச்சில் வரும் 'காட்டா', ஹேவ் காட் டு என்பதன் தேய்ந்த வடிவம். பேசலாம், அலுவலக மெயிலில் எழுத வேண்டாம்.

நீட் டு: செய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது பெரும்பாலும் உங்கள் நன்மைக்கே என்ற தொனி. "யூ நீட் டு சைன் ஹியர்." உத்தரவுதான், ஆனால் உத்தரவு மாதிரித் தெரியாது. மருத்துவமனை, வங்கி, அலுவலகம் எங்கும் இதுதான் ஓடுகிறது. நர்ஸுக்கு மிகவும் உதவும் சொல்.

ஷுட், ஆட் டு: அறிவுரை. செய்தால் நல்லது, செய்யாவிட்டாலும் உலகம் இடிந்துவிடாது. எதிர்மறையில் ஷுட்ன்ட் 'கூடாது' பக்கம்தான் சாயும், கொஞ்சம் மென்மையாக. ஆட் டு கிட்டத்தட்ட அதே பொருள், நீதி போதனை வாசனை சற்றுக் கூட. பேச்சில் குறைவு. ஒரு எச்சரிக்கை: மேலதிகாரி ஷுட் என்று சொன்னால் அது அறிவுரை மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசு கொடுக்கும்போது ஆங்கிலேயர் "ஓ, யூ ஷுட்ன்ட் ஹேவ்!" என்றால் கடிந்துகொள்கிறார் என்று பயப்படக் கூடாது. "இதெல்லாம் எதுக்குங்க!" என்று நாம் சொல்வதேதான் அது. வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்.

சப்போஸ்ட் டு: இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். 'சப்போஸ்' என்ற சொல்லை நாம் ஏற்கெனவே எடுத்துவந்து 'ஒருவேளை' என்ற பொருளில் வைத்திருக்கிறோம். "சப்போஸ் அவர் வரலைன்னா?" அதே காதோடு "ஹி இஸ் சப்போஸ்ட் டு கம் அட் டென்" என்று கேட்டால், 'ஒருவேளை பத்து மணிக்கு வருவார்' என்று புரிந்துகொள்வோம். உண்மையான பொருள்: பத்து மணிக்கு வரணும்னு ஏற்பாடு. ஏற்பாடு என்னுடையது இல்லை, யாரோ செய்தது. நடக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை. "ஐ ஆம் சப்போஸ்ட் டு பி ஆன் எ டயட்" என்று சொல்பவர் கையில் அநேகமாக ஜாங்கிரி இருக்கும். இறந்தகாலத்தில் 'வாஸ் சப்போஸ்ட் டு' என்றால் பெரும்பாலும் நடக்கவில்லை என்றே அர்த்தம். எதிர்மறையில் 'நாட் சப்போஸ்ட் டு' என்றால் கூடாது வகை. "யூ ஆர் நாட் சப்போஸ்ட் டு பார்க் ஹியர்." இங்க வண்டி நிறுத்தக் கூடாதுங்க.

ஹேட் பெட்டர்: இதுதான் பெரிய பொறி. பெட்டர் இருப்பதால் 'போறது நல்லது' என்ற இதமான யோசனை என்று நினைத்துவிடுவோம். ஹேட் இருப்பதால் இறந்தகாலம் என்றும் நினைப்போம். ரெண்டும் தப்பு. இது இப்போதைக்கோ இனிமேலுக்கோ சொல்வது, பின்னால் சொல்லாத ஒரு 'இல்லைன்னா' தொங்கிக்கொண்டிருக்கும். "யூ ஹேட் பெட்டர் கோ" என்பது 'ஒழுங்கா கிளம்பிடு' என்பதற்குப் பக்கத்தில் வரும். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம், நண்பனிடம் சொல்லலாம். நோயாளியிடமோ மேலதிகாரியிடமோ சொல்லவே கூடாது.

கட்டளை மாதிரித் தெரியாத கட்டளை

இந்தப் பட்டியலில் ஒன்றை நான் வலியோடு கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருடைய தரவுத்தளத்தைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை. வெள்ளிக்கிழமை மாலை அவர் சாட்டில் எழுதினார்: "யூ மைட் வான்ட் டு டேக் எ பேக்கப் ஃபர்ஸ்ட்."

மைட் என்றால் ஒருவேளை. வான்ட் என்றால் விருப்பம். ஒருவேளை எனக்கு விருப்பம் இருந்தால் பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் என்று படித்தேன். எனக்கு விருப்பம் இல்லை. நேரமாகிவிட்டது, ஸ்கிரிப்ட் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தது. ஓட்டிவிட்டேன். ஸ்கிரிப்டில் ஒரு வரி தவறு, ஒரு அட்டவணை முழுக்கப் பாழ். அந்தச் சனி, ஞாயிறு நாலு பேர் உட்கார்ந்து லாக் கோப்புகளிலிருந்து ஒவ்வொரு பதிவாகத் திரும்பக் கட்டினோம். அதில் ஒருத்தருக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகனுக்குக் காதுகுத்து. அவர் போகவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அதுதான் இன்னும் நினைவில் இருக்கிறது.

திங்கட்கிழமை அந்த அமெரிக்கர் "ஐ டோல்ட் யூ டு டேக் எ பேக்கப்" என்றார். நான் மனதுக்குள் 'நீங்க எங்கய்யா சொன்னீங்க' என்றேன். அவர் சொல்லித்தான் இருக்கிறார். வேலை தெரிந்த ஒருவருக்கு நேராக உத்தரவு போடுவது அவமரியாதை என்று அவர் பழகியிருக்கிறார். அதனால் உத்தரவை என் விருப்பம் மாதிரி உடுத்தி அனுப்பினார். "யூ மைட் வான்ட் டு", "யூ மே வான்ட் டு", "இட் வுட் பி குட் இஃப்" என்று தொடங்கும் எதையும், அனுபவம் கூடியவர் சொன்னால், செய்யணும் என்றே படியுங்கள். செய்யப் போவதில்லை என்றால் காரணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

நம்மிடமும் இது இல்லாமல் இல்லை. "கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்தினா தேவலை" என்று தாத்தா சொன்னால், அது தேவலையா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை. எழுந்து போய்ச் சாத்துகிறோம்.

சொல்லுக்கு ஆணி அடித்த இடங்கள்

இப்படித் தொனியை வைத்துப் பொருள் மாறும் சொற்களை வைத்துக்கொண்டு சட்டமோ தொழில்நுட்ப விதியோ எழுதினால் சண்டைதான் வரும். அதனால் சில இடங்களில் பொருளுக்கு ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் ஆவணங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். அதில் 2119 என்ற எண்ணுள்ளது 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதியது. ரெண்டு மூணு பக்கம்தான். மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத தேவை. ஷுட் என்றால், குறிப்பிட்ட சூழலில் தக்க காரணத்தோடு மீறலாம், ஆனால் விளைவை முழுசாகப் புரிந்து எடைபோட்ட பிறகுதான் மீறணும். மே என்றால் உண்மையிலேயே உங்கள் இஷ்டம். ஷுட் என்பதற்கு நான் பார்த்ததில் சிறந்த விளக்கம் இதுதான். மீறலாம், ஆனால் யோசிக்காமல் மீறாதே.

பிறகு ஒரு சிக்கல் வந்தது. அதே ஆவணங்களில் சாதாரண ஆங்கிலமாகவும் இந்தச் சொற்கள் வருமே, எது எது? 2017-ல் வந்த ஆர்.எஃப்.சி. 8174, எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தத் தனிப்பொருள் என்று தெளிவாக்கியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாத தமிழில் இந்த வித்தை செல்லாது. தடித்த எழுத்தில் போடலாம்.

பிரிட்டனில் சாலை விதிகளுக்கு 'ஹைவே கோட்' என்ற கையேடு இருக்கிறது. 1931-ல் முதலில் வெளியானது. அதிலும் இதே ஏற்பாடு. பெரிய எழுத்தில் மஸ்ட், மஸ்ட் நாட் என்று வரும் விதிகள் சட்டம். மீறினால் குற்றம். ஷுட் என்று வருபவை அறிவுரை. மீறினால் அதற்காக மட்டும் வழக்கு வராது, ஆனால் விபத்து என்று வழக்கு வந்தால் யார் பொறுப்பு என்று தீர்மானிக்க நீதிமன்றம் அதைப் பயன்படுத்தலாம். அக்கா பொண்ணு அங்கே போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால், நான் சொன்ன பாடத்தை அந்தக் கையேடே திரும்பச் சொல்லிக் கொடுத்துவிடும்.

ஷேல் பற்றி ஒரு வரி. சட்டத்தில் 'ஷேல்' என்றால் பொதுவாகக் கட்டாயம். நம் அரசியலமைப்பில் 1976-ல் 42-வது திருத்தம் சேர்த்த 51ஏ பிரிவு, குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை ஷேல் என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அன்றாடப் பேச்சில் அது 'ஷேல் வி?' என்று கிளம்பலாமா கேட்பதற்குத்தான் மிச்சம். அமெரிக்க அரசின் எளிய மொழி வழிகாட்டி, ஷேல் வேண்டாம், மஸ்ட் போடுங்கள் என்கிறது.

கடனும் கடமையும்

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருந்தது. 'ஆட்' என்பது 'ஓ', அதாவது கடன்பட்டிருத்தல் என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். 'ஷேல்' என்பதன் பழைய பொருளும் கடன்பட்டிருத்தல்தான். ஷுட் அதன் இறந்தகாலம். 'ஹேவ் டு' என்பது வைத்திருத்தல்: எழுத வேண்டிய கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதிலிருந்து எழுத வேண்டும் என்று ஆனது. எல்லாவற்றையும் விட வேடிக்கை மஸ்ட். பழைய ஆங்கிலத்தில் 'அனுமதி உண்டு' என்ற பொருள் தந்த ஒரு வினையின் இறந்தகாலம் அது. செய்யலாம் என்று தொடங்கியது செய்தே ஆகணும் என்று முடிந்திருக்கிறது.

கடனிலிருந்து கட்டாயம் பிறப்பது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 312-வது பாட்டில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர் கடமையையும் 'கடன்' என்றே சொல்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'கடமை' என்பது நிலவரி. காலைக்கடனும் நேர்த்திக்கடனும் இன்றும் இருக்கின்றன.

ஆனால் நம் அன்றாடக் கட்டாயச் சொல் அங்கிருந்து வரவில்லை. 'வேண்டும்' என்பது விருப்பம். எனக்குக் காபி வேணும். நான் வேலைக்குப் போகணும். ரெண்டிலும் ஒரே வினை. "நான் வீட்டுக்குப் போகணும்" என்று ஒருவர் சொன்னால், ஆசையா கட்டாயமா என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலம் பேசுகிறவர் 'வான்ட் டு', 'ஹேவ் டு' ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். கற்றுக்கொள்ளும் தமிழருக்கு வரும் தடுமாற்றத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நம் மொழி ஒரே பெட்டியில் வைத்திருப்பதை அவர்கள் ஆறேழு டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறார்கள். அறிவுக் குறைபாடு ஒன்றும் இல்லை.

அந்த டப்பாக்களும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. 1961-ல் வெளியான அமெரிக்க எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்கள் திரட்டியது பிரவுன் தொகுப்பு. அதே அளவில் பிரிட்டிஷ் எழுத்துகளுக்கு ஒரு தொகுப்பு, பிறகு 1991, 1992 ஆண்டுகளுக்கு அதே மாதிரி ரெண்டு. இவற்றை ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச் முதலானோர், முப்பது வருஷத்தில் மஸ்ட், ஷேல், ஆட் மூன்றும் நன்றாகக் குறைந்திருப்பதையும், நீட் டு ஏறியிருப்பதையும் காட்டினார்கள். நேராக அதிகாரம் காட்டும் பேச்சு குறைந்துவருவதை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். நாம் பள்ளியில் படித்த ஆங்கிலம் 1961 பக்கம் இருக்கிறது. பேசப்போகும் ஊர் அங்கிருந்து நகர்ந்துவிட்டது.

அவளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு

கடைசியாக அக்கா பொண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருக்கம் இது.

ஒன்று. வேண்டாம் என்று தோன்றினால் நில். கூடாதா, தேவையில்லையா என்று கேள். கூடாது என்றால் மஸ்ன்ட், நாட் சப்போஸ்ட் டு, மென்மையாக ஷுட்ன்ட். தேவையில்லை என்றால் டோன்ட் ஹேவ் டு, டோன்ட் நீட் டு, நீடன்ட்.

ரெண்டு. மருந்து விஷயத்தில் முடிந்தவரை நேர்மறையாகச் சொல். 'படுக்கக் கூடாது' என்பதை விட 'உட்கார்ந்தோ நின்றோ இருக்கணும்' என்பது எந்த மொழியிலும் பாதுகாப்பு.

மூன்று. நோயாளியிடம் முதல் தேர்வு நீட் டு. மஸ்ட் என்பதை உயிர் போகிற விஷயத்துக்கு வைத்துக்கொள். ஹேட் பெட்டரை வாயிலேயே எடுக்காதே.

நாலு. டாக்டரோ சீனியரோ "யூ மைட் வான்ட் டு செக் ஹிஸ் பிபி" என்றால் உடனே போய்ப் பார். யோசிக்காதே. (இதற்குப் பக்கத்தில் என் பேக்கப் கதையையும் எழுதினேன்.)

ஐந்து. புரிந்ததா என்று சந்தேகம் இருந்தால், நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல். அவர் வாயிலிருந்து வருவதுதான் நீ உண்மையில் சொன்னது.

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. வார்டில் இப்போது தமிழில் பேசும்போதே வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டாளாம். "ஒரு பாட்டிகிட்ட 'மாத்திரையோட பால் வேண்டாம்'னு சொல்லிட்டு, 'பாட்டி, நான் என்ன சொன்னேன்'னு கேட்டேன் மாமா. 'பால் குடிக்கணும்னு கட்டாயமில்லன்னு சொன்னே, ஆனா நான் பழக்கமா குடிப்பேன்'னு சொல்றாங்க."

அந்தப் பாட்டிக்கு அன்றைக்குக் கொடுத்ததும் வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டிய அதே எலும்பு மாத்திரைதான். பால் சேர்ந்தால் அது உடம்பில் சரியாக ஏறாது. ஆங்கிலத் தேர்வுக்காகத் தேடிப் போன பாடம், திருச்சியில் தமிழ் வார்டிலேயே தேவைப்பட்டிருக்கிறது. தேர்வு அடுத்த மாசம்.